சர்வே ஆஃப் இந்தியா நிலவரைபடத்தைப் பெறுவது எப்படி

ஓர் ஏரியின் கரை எங்கே தொடங்குகிறது, ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை அறிய, ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் நிலவரைபடத் தாளே போதுமானது. அத்தாள்கள் நம் வரிப்பணத்தில் உருவானவை என்பதால், அவற்றைக் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை.

முதலில் தாள் எண்ணை அறிந்துகொள்ளுங்கள். மதுரைக்குரிய பழைய எண் 58 கே/1. இதில் 58 என்பது அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 4 பாகை (டிகிரி) அளவுள்ள சதுரக் கட்டம். அதன் 16 பிரிவுகளுள் ஒன்று கே. அதையும் 16 ஆகப் பிரித்தால் 15 கலை, அதாவது கால் பாகை, அளவுள்ள தாள் கிடைக்கும்; அவற்றுள் முதலாவதே 1. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த திறந்த வரிசைத் தாள்களின் எண்முறை வேறு. ஆகவே இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவு செய்து, 1:50,000 அளவுத் தாளைப் பிடிஎஃப் கோப்பாகக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். வற்றாத நீர் நீல நிறத்திலும், வறண்ட ஓடை கறுப்புக் கோட்டிலும் இருக்கும். ஏரிக்கரையின் அருகே 3 என்ற எண்ணும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் சேர்ந்திருந்தால், சுற்றியுள்ள தரையை விடக் கரை 3 மீட்டர் உயரம் என்று பொருள். ஆக்கிரமிப்பு குறித்து மனு எழுதுவோருக்கு இச்சிறு குறி பெரிதும் உதவும். ஆனால் தனி மனைகளின் எல்லை இத்தாளில் இராது. தமிழ்நாட்டில் அதற்கு மாநில அரசின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்துப் புலப்படத்தைப் பார்க்க வேண்டும்.

கணினியில் அடுக்கடுக்காகப் பயன்படுத்தத்தக்க எண்ணிமத் தரவு வேண்டுமெனில் கட்டணம் உண்டு. பொதுப்பணத்தில் உருவான புவியியல் தரவு, பாதுகாப்புக் காரணத்தால் விலக்கப்பட்டவை நீங்கலாக, அரசுத் துறைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு நியாயமான, வெளிப்படையான விலையிலும் கிடைக்க வேண்டும் என 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஒருமுறை அளப்பதற்குப் பணம் கொடுத்த மக்களிடம் நகலெடுக்கும் செலவுக்கு மேல் கேட்பது முறையன்று என்பதே என் உறுதியான கருத்து.

தரவு மறுக்கப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். தாள் எண்ணையும் வேண்டிய ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதிலும் அவ்வாறே வரும். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம்.