கண்ணாடிக் கடை டெஸ்ட் கண் பரிசோதனை ஆகாது

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம். பேப்பர் படிக்கச் சிரமமானால் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போவார். மெஷினில் தாடையை வைப்பார், பவர் கொஞ்சம் ஏறியிருக்கும், புதுக் கண்ணாடியோடு திரும்புவார். பத்து வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்து, அதைப் பொத்திக்கொண்டபோதுதான் இடது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டாக இருப்பது தெரிந்தது. கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய். போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற இப்போது தினமும் சொட்டு மருந்து.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. அந்த மெஷின் எந்த லென்ஸ் பொருந்தும் என்று மட்டும்தான் சொல்லும். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, பார்வை நரம்பு எப்படி இருக்கிறது, விழித்திரையில் ரத்தக் கசிவு உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பவர் பார்த்ததையே கண் பார்த்ததாக நினைத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

“நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டர்?” என்பது அடுத்தது. கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது. ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும், நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் ஈடுகட்டிவிடுவதால் நமக்கு உறைப்பதில்லை. கண் அழுத்தம் 10 முதல் 21 வரை (மில்லிமீட்டர் பாதரச அளவில்) இருந்தால் இயல்பு என்பார்கள். ஆனால் 21க்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. அதனால் நரம்பையும் பார்த்தாக வேண்டும். 40 தாண்டினால் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறையாவது போய்விடுவது நல்லது. கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், அப்பாவையும் அத்தையையும் அந்த வாரமே கூட்டிப்போய்க் காட்டினோம்.

சர்க்கரைக்காரர்கள் கண் மங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். நமக்குத் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே அது உடம்பில் இருந்திருக்கலாம். பிறகு வருஷம் ஒருமுறை. இன்னொன்று, சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி செய்தால் அடுத்த மாதமே பொருந்தாமல் போய் காசுதான் தண்டம்.

“வண்டியில வந்திருக்கேன், மருந்து போடாதீங்க” என்று நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொட்டு விட்டு, கண்பாப்பா விரிந்தால்தான் விழித்திரையை ஓரம்வரை நன்றாகப் பார்க்க முடியும். சில மணி நேரம் கூசும், கிட்டத்தில் மங்கும், அவ்வளவுதான். பஸ்ஸில் போங்கள். கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறி தவளக்குப்பத்தில் இறங்கினால் அரவிந்த் கண் மருத்துவமனை. பாண்டி கோரிமேட்டில் ஜிப்மர் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரு கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஓர் ஆளும் போதும்.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு சட்டென்று அடங்கும், அதனால் அதே பாட்டிலை மறுபடி மறுபடி வாங்குவோம். மாதக்கணக்கில் விட்டால் புரையும் வரலாம், கண் அழுத்தமும் ஏறலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி.

அறுபதுக்கு மேல் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடிந்தால் பெருமைப்பட வேண்டாம். புரை முற்றும்போது சிலருக்கு லென்ஸின் பவர் மாறி, கிட்டத்தில் இருப்பது கொஞ்ச நாள் தெளிவாகத் தெரியும்.

பெரியப்பா இப்போது வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் தினசரி காலண்டர் எதிரே நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்கிறார். பரிசோதனைக்கு இது ஈடாகாது என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் விடமாட்டார். ஐந்து வயதுப் பேரன் வலது கண்ணை மூடச் சொன்னபோது மட்டும் விரல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தான். விளையாடுகிறான் என்று சிரித்தோம். மறுபடியும் அதே கண்ணுக்குத்தான் எட்டிப் பார்த்தான். இடது கண்ணில் பார்வை சரியாக வளரவில்லை, இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர் என்றார் டாக்டர். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். இடது கண் வேலை செய்யட்டும் என்று நல்ல கண்ணுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டுத்துணி.