சந்தையை நகர்த்தும் முன்: ஆப்பிரிக்க நகரத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க நகரங்களுக்காகப் புதிய நகரத் திட்டமிடுநர்கள் போட்டுவரும் வரைபடங்களில் நாங்கள் அன்று செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். ‘மக்களைக் கேளுங்கள், கணக்கெடுங்கள்’ என்பது எல்லாப் பாடத்திலும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன்.

ஆள் நடக்கும் வழியிலிருந்து சந்தையை விலக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் பார்த்த ஒரு வரைபடத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிப் புதுச் சந்தை. கூரை, தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருந்தன. ஆனால் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நாலு தக்காளி வாங்குகிறவர் அதற்காக இரண்டு தெரு நடப்பாரா? நடைபாதை வியாபாரிக்கு ஆள் நடக்கும் அந்த வழிதான் முதலீடு. புதுச் சந்தை காலியாகக் கிடக்கும், வியாபாரிகள் பழைய இடத்துக்கே வருவார்கள், அப்புறம் போலீஸ் வரும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் வார்விக் சந்திப்பைப் பாருங்கள். தினமும் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் ரயில், பஸ், மினிபஸ் டாக்சி என்று மாறிப்போகும் இடம். 1990களின் பிற்பகுதியில் மாநகராட்சி வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசியது. நடைபாதையில் நாட்டு மருந்துக்கான வேரும் பட்டையும் விற்றவர்களுக்கு, பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் மேலேயே சந்தை அமைத்தது, கூட்டம் நடக்கும் வழியோடு இணைத்து.

அதே ஊரில் 2009இல், கால்பந்து உலகக் கோப்பைக்கு முந்திய ஆண்டு, ‘அதிகாலைச் சந்தை’யை இடித்து மால் கட்டத் திட்டம் வந்தது. 1910 முதல் இருக்கும் சந்தை அது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின், அவர்களில் ஏராளமான தமிழர்களின், காய்கறி வியாபாரத்தில் வளர்ந்தது. மால் வந்தால் பயணிகளின் நடையே அதற்குள் திரும்பிவிடும். சந்தையோடு, சுற்றிலும் உள்ள தெருக்கடைகளும் படுத்துவிடும். போராட்டமும் வழக்குகளும்தான் அதைத் தடுத்தன.

ஆகவே பேனாவை எடுக்கும் முன் விடியற்காலையிலும் அந்தியிலும் அங்கே போய் நில்லுங்கள். எந்தப் படிக்கட்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே அளவுக் கடை

வார்விக்கில் மாட்டுத்தலையை வேகவைத்து விற்கும் பெண்களுக்கு நெருப்பும், தண்ணீரும், கொழுப்பு அடைக்காத வடிகாலும் வேண்டும். மணிமாலை விற்பவருக்கு ஒரு மேசையும், இரவில் சரக்கைப் பூட்டிவைக்க இடமும் போதும்.

விழாவுக்காகத் தெருவைக் காலி செய்வது

வேண்டாம்.

மினிபஸ்ஸுக்கு வழித்தடம் இல்லை என்று எழுதுவது

இருக்கிறது. கென்யத் தலைநகர் நைரோபியில் பல்கலைக்கழகங்களின் குழு ஒன்று, மட்டாட்டு எனப்படும் மினிபஸ்களில் ஏறி, கைப்பேசியில் தடம் பதிந்து, 2014இல் நூற்றுக்கு மேற்பட்ட தடங்களை மெட்ரோ வரைபடம்போல் வெளியிட்டது.