இந்து தத்துவமும் அறிவியலும்: மேடை ஏறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் பேச்சுப் போட்டி வந்தால் எழுதிய தாளை என்னிடம் கொண்டுவருவார்கள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொண்டுவந்த தாளில் முதல் வரி இது: "டால்டனுக்கு முன்பே கணாதர் அணுவைக் கண்டுபிடித்துவிட்டார்." கணாதர் வைசேஷிகம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபின் ஆசான்; டால்டன் அணுக் கொள்கை தந்த ஆங்கில வேதியியலாளர். கைதட்டல் வாங்கும் வரிதான். ஆனால் பேசுகிறவருக்குக் கணாதரையும் தெரியாது, டால்டனையும் தெரியாது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வீட்டுத் தாழ்வாரக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் கீழே அவளை உட்கார வைத்தேன். காலை வெயில் சாய்ந்து இறங்க, அந்த ஒளிக்குழலில் தூசி மிதந்தது. கணாதர் வழிவந்த வைசேஷிகர்கள் பார்த்ததும் இதையேதான். கண்ணுக்குத் தெரியும் அந்தத் துகளை த்ர்யணுகம் என்றார்கள். அதற்கு மேல் பிளக்கவே முடியாத நுண்துகள் பரமாணு. இரண்டு பரமாணு சேர்ந்தால் ஒரு ஜோடி, மூன்று ஜோடி சேர்ந்தால் ஒரு துகள். ஆக, ஒரு துகளுக்கு ஆறு பரமாணு. இன்றைய கணக்கிலோ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள துகளில் குறுக்கு வரிசையில் மட்டும் பல்லாயிரம் அணுக்கள் நிற்கும். தவிர, கணாதர் மரபில் பரமாணு நிலம், நீர், தீ, காற்று என்று நான்கே வகை. டால்டன் 1800களின் தொடக்கத்தில், பொருள்கள் எந்த எடை விகிதத்தில் கூடுகின்றன என்று பார்த்து அணுவுக்கு வந்தவர். இரண்டு பேரும் கேட்ட கேள்வியே வேறு.

"அப்போ கணாதரை விட்டுடணுமா சார்?" என்றாள். வேண்டாம். அந்த மரபின் வாதத்தைச் சொல். ஒரு பொருளை முடிவே இல்லாமல் பிளக்கலாம் என்றால், மேரு மலையிலும் எண்ணற்ற துண்டுகள், கடுகிலும் எண்ணற்ற துண்டுகள். அப்புறம் மலை பெரிது, கடுகு சிறிது என்பதற்கு என்ன காரணம் சொல்வது? எங்கேயோ பிளப்பது நின்றாக வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல், யோசித்தே இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

அடுத்த தவறு, "இந்து தத்துவம் சொல்கிறது" என்று எல்லாரையும் ஒரே குரலாக்கிவிடுவது. பரமாணுக்களிலிருந்து உலகம் உண்டானது என்ற வைசேஷிகக் கொள்கையைப் வேதாந்த நூலான பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில் விரிவாக மறுத்தவர் சங்கரர், இதே கேரளத்துக் காலடியில் பிறந்தவராகச் சொல்லப்படுபவர். ஒரே பேச்சில் கணாதருக்கும் சங்கரரின் அத்வைதத்துக்கும் சேர்த்து அறிவியல் முத்திரை குத்தினால், அவர்களுக்குள் நடந்த வாதம் எங்கே போயிற்று? அந்த வாதம்தானே தத்துவம்! அதே சங்கரர் கீதை உரையின் 18ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார்: நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு வேத வாக்கியங்கள் சொன்னாலும் அது பிரமாணம், அதாவது ஏற்கத்தக்க சான்று, ஆகாது. காட்சிக்கும் அனுமானத்துக்கும் எட்டுகிற விஷயத்தில் வேதத்தைச் சாட்சிக்கு இழுக்காதே என்பது அவர் கருத்து. வேதத்துக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடுகிறவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

எண்ணைப் பொருத்திப் பார்ப்பது இன்னொன்று. புராணக் கால அளவான கல்பம் 432 கோடி ஆண்டு, பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு, பார்த்தீர்களா என்பார்கள். ஆனால் 432 கோடி என்பது பிரம்மாவின் முழுப் பகல். பூஜை தொடங்கும்போது சங்கல்பத்தில் "வைவஸ்வத மன்வந்தரே" என்று சொல்கிறோமே, அது கல்பத்தின் பதினான்கு மன்வந்தரப் பகுதிகளில் ஏழாவது. அந்தக் கணக்குப்படி கல்பம் தொடங்கிச் சுமார் 197 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. வேதங்களுக்கு உரை எழுதிய சாயணர் ஒளி வேகத்தை யோஜனைக் கணக்கில் சொன்னார் என்பதும் இதே வகைதான். யோஜனை என்ற பழைய தூர அளவுக்கு ஒரே நீளம் கிடையாது, வேண்டிய விடைக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம். குவாண்டம் இயற்பியலே உபநிடதத்திலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை உண்மையிலேயே நேசித்தவர். ஆனால் 1926இல் அவர் தந்த குவாண்டம் சமன்பாடு, துகளுக்கும் அலைத் தன்மை உண்டு என்ற இயற்பியலாளர் டி பிராக்லியின் கருத்திலிருந்து வளர்ந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பழசெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது. ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் சித்தூர்ப் புழை வழியாகப் பாரதப்புழையில் சேர்கிறது. அந்த ஆறு கடலை எட்டும் பக்கத்தில் வாழ்ந்தவர் வானியலாளர் பரமேஸ்வரர். வட்டத்தின் பை மதிப்பைப் பதினொரு தசம இடம் வரை சொன்ன கேரளக் கணிதர் மாதவரின் மாணவர். 1393 முதல் 1432 வரை கிரகணங்களைப் பார்த்துக் குறித்துவைத்தார். பரஹிதம் என்ற பழைய வானியல் கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டு, 1431இல் கணக்கைத் திருத்தினார். அதற்கு வைத்த பெயர் த்ருக்கணிதம், அதாவது கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகிற கணிதம். திருக்கணிதமா வாக்கியமா என்று பஞ்சாங்கம் வாங்கும்போது நாம் கேட்கிறோமே, அதே சொல்தான்.

அந்தப் பெண் தாளின் முதல் வரியை அடித்துவிட்டு, மேலே இப்படி எழுதினாள்: "எங்கள் ஊர்த் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் நாற்பது வருடம் கிரகணம் பார்த்தார்."