பிள்ளைகளைத் தங்கள் கதை எழுத வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நூலகத்தில் நடக்கும் சனிக்கிழமை எழுத்து வகுப்புக்குப் போன மாதம் சொல்லித்தரப் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஆர்வமானவர்கள். முதல் நாளே ஒருவர் சிவப்புப் பேனாவைத் திறந்ததும் எனக்குப் பதறிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான். பிள்ளையைக் கேலி செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிறந்த தேதியில் தொடங்கச் சொல்வது

‘உன்னைப் பற்றி எழுது’ என்றால் பெயர், வகுப்பு, அப்பா வேலை, பிடித்த நிறம் என நாலு வரியோடு பிள்ளை பேனாவை மூடிவிடும். பள்ளியில் அது பேனாவுக்கும் மரத்துக்கும் தன்வரலாறு எழுதியிருக்கிறது. அதனுடைய கதையை யாரும் கேட்டதில்லை. நான் கேட்பது இதுதான்: உன் உடம்பில் எங்கே தழும்பு இருக்கு, அது எப்படி வந்தது? முழங்காலைத் தடவிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். சைக்கிள் செயின், கொதித்த வடிகஞ்சி, அண்ணன் எறிந்த கல் என்று ஒரு தழும்புக்குள்ளேயே வீடும் தெருவும் வந்துவிடும்.

பிள்ளையின் தமிழைத் திருத்துவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படி எழுதித் தந்தாள்:

‘எங்க வெள்ளக்குட்டி கழிச்சல் வந்து செத்துப்போச்சு. அம்மாச்சி அத பருத்திக்காட்டு ஓரமா பொதச்சுச்சு. ராத்திரி கருவாட்டு வெஞ்சனம் இருந்தும் சோறு எறங்கல.’

நான் உட்கார்ந்து ‘நல்ல தமிழில்’ மாற்றினேன். ‘எங்கள் ஆட்டுக்குட்டி நோய்வாய்ப்பட்டு இறந்தது. பாட்டி அதை அடக்கம் செய்தார். அன்றிரவு நான் மிகுந்த துயரம் அடைந்தேன்.’ அதைப் பார்த்து அழகாகப் படி எடுக்கவும் சொன்னேன். அவளும் எடுத்தாள். பருத்திக்காடு போனது, கருவாடு போனது, அம்மாச்சி யாரோ ஒரு பாட்டி ஆகிவிட்டாள். அடுத்த வாரம் அவள் தந்த தாளின் முதல் வரி: ‘ஆடு ஒரு வீட்டு விலங்கு.’ அந்த வருடம் முடியும்வரை நோட்ஸில் இருப்பது போன்ற வரிகளைத்தான் எழுதினாள். தன் வீட்டுப் பேச்சு எழுத்துக்கு லாயக்கில்லை என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

அதே வட்டாரத்தில் இடைசெவல் ஊரைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி அகராதியே கொண்டுவந்தார். அந்தச் சொற்களைத்தான் ஒரு பிள்ளையின் தாளில் நான் அடித்தேன்.

பிழைக்கும் பேச்சு வழக்குக்கும் வித்தியாசம் பாருங்கள். ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று எழுதினால் அது பிழை. அதைக்கூட முதல் படியில் தொடாதீர்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் பாதியை அவர்களே பிடித்துவிடுவார்கள். ‘அம்மாச்சி’ பிழையே இல்லை. பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும்தான், அதற்குத் தனி நோட்டு போடுங்கள். இப்போது என் வகுப்பில் ‘பரீட்சை நோட்டு’, ‘நம்ம நோட்டு’ என இரண்டு இருக்கின்றன. எதில் எப்படி எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது.

நாம் எழுதாமல் மேற்பார்வை பார்ப்பது

கூடவே உட்கார்ந்து எழுதுங்கள்.

சாதனைகளை மட்டும் வாசிக்கத் தருவது

விருது, பட்டம், பதவி என்று அடுக்கிய வரலாற்றைப் படித்தால், எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்றே பிள்ளைக்குத் தோன்றும். காந்தி தன் சுயசரிதையில், பதினைந்து வயதில் அண்ணனின் கடனை அடைக்க அந்த அண்ணன் கைக்காப்பிலிருந்தே கொஞ்சம் தங்கத்தைத் திருடியதை எழுதியிருக்கிறார். வாயால் சொல்லத் துணிவில்லாமல், சீட்டில் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டுகிறார். அப்பா படித்துக் கண்ணீர் விட்டு, சீட்டைக் கிழித்துவிடுகிறார். இதை வாசித்ததும் ‘அடிக்கலையா டீச்சர்?’ என்று நாலைந்து குரல் வந்தது. அப்புறம் யாரும் பேசவில்லை, எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பையன் தாளை நாலாக மடித்து, ‘நீங்க மட்டும் படிங்க’ என்று தந்தான்.

கேட்காமல் வாசித்துக் காட்டுவது

கூடாது. பாராட்டுவதற்காக என்றாலும்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்வது

மடித்துத் தருவதை நான் மட்டும்தான் படிக்கிறேன். ஆனால் முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்களை யாராவது துன்புறுத்துவதாக எழுதினால், உதவக்கூடியவரிடம் நான் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். ‘நம்ம நோட்டு’ தருகிற அன்றே, பின் அட்டையில் அந்த எண்ணை அவரவர் கையாலேயே எழுத வைக்கிறேன்.