விண்கல் துண்டுல காண்ட்ரூல் பார்க்கிறது எப்படி

காண்ட்ரூல்னா சில விண்கல்லுக்குள்ள இருக்குற, உருகி இறுகின சின்ன உருண்டை. அதைப் பார்க்க பினாங்குல உட்கார்ந்துகிட்டு ஆன்லைன்ல விண்கல் துண்டு வாங்கப் போறீங்கன்னா, முதல்ல விண்கல்லோட ரகப் பேருக்குப் பின்னாடி வர்ற நம்பரைப் பாருங்க. எல்3, எச்3, சிவி3 மாதிரி 3 இருக்கணும். 6ன்னா அந்தக் கல்லு தான் இருந்த சின்னக் கோளுக்குள்ளயே ரொம்ப காலம் சூடுபட்டு, உருண்டைங்களோட ஓரமெல்லாம் மங்கிப் போயிருக்கும், நமக்கு வேண்டியது கிடைக்காது.

கைக்கு வந்ததும் காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீங்க, ப்ளீஸ். கல்லுக்குள்ள இருக்குற பழைய காந்தப் பதிவு அழிஞ்சிடும். 1940ல இந்தியாவுல விழுந்த செமர்கோனா கல்லோட காண்ட்ரூலை அளந்துதான், கோள்ங்க உருவாகுறப்போ சூரியனைச் சுத்தி தட்டு மாதிரி பரவியிருந்த வாயு, தூசியில (வாயுத் தட்டுல) காந்தப்புலம் எவ்வளவுன்னே தெரிஞ்சுச்சு.

இப்போ பத்து மடங்கு லென்ஸ் எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிங்க. ஜவ்வரிசி மாதிரி உருண்டையா தெரியுதே, அதான் காண்ட்ரூல், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. 1500 டிகிரிக்கு மேல உருகி, விண்வெளியில துளியா மிதந்து, சில மணி நேரத்துலயோ சில நாள்லயோ இறுகினது. உள்ள கோடு கோடா ஒலிவின்ங்கிற கனிமம் இருந்தா கிட்டத்தட்ட முழுசா உருகியிருக்கு, தனித்தனி படிகமா இருந்தா பாதி உருகாம தங்கியிருக்குன்னு அர்த்தம். எது அப்படிச் சூடாக்கினதுன்னு விஞ்ஞானிங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, அதிர்வலைன்னு ஒரு பக்கம், சின்னக் கோள்ங்க மோதினதுன்னு ஒரு பக்கம்.

அடுத்து இரும்பு எங்க இருக்குன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பளபளன்னு உலோகப் புள்ளியா நின்னா அங்க ஆக்சிஜன் கம்மி, ஆக்சிஜன் சேர்ந்து ஒலிவினுக்குள்ளயே போயிருந்தா அது வேற சூழல். ரெண்டு வகையும் ஒரே துண்டுல பக்கத்துல பக்கத்துல இருக்கும், அப்போ அந்த வாயுத் தட்டுல எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லன்னு புரியும். சோடியம் இன்னும் ஆச்சரியம், அந்தச் சூட்டுல ஆவியாகி ஓடியிருக்கணும், ஆனா ஒலிவினுக்குள்ளயே மாட்டியிருக்கு, அதனால தூசி ரொம்ப நெருக்கமா இருந்த இடத்துலதான் உருகியிருக்கணும்னு சொல்றாங்க. இதை லென்ஸ்ல பார்க்க முடியாது, லேப்ல அளக்கணும்.

1969ல மெக்ஸிகோவுல விழுந்த அயெண்டே துண்டு கிடைச்சா வெள்ளைத் திட்டுங்களைத் தேடுங்க, கால்சியமும் அலுமினியமும் நிறைஞ்சது, வயசு சுமார் 456.7 கோடி வருஷம், காண்ட்ரூலுக்கும் மூத்தது.

நம்ம ஊரு ஈரக்காத்துக்கு உள்ள இருக்குற இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, வெறும் கையால தொடாதீங்க.