ராவா, ஜேபெக்கா? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரே காலையில் சோதித்துப் பாருங்கள்

படத்தை ரா, ஜேபெக் என்ற இரண்டு கோப்பு வகைகளில் எதில் எடுப்பது? கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே வரும் கேள்வி இது. ஒருவர் ராவில்தான் எடுக்க வேண்டும் என்பார், இன்னொருவர் ஜேபெக்கே போதும் என்பார். ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் யார் சொல்லும் தேவையில்லை. அதற்குக் கடற்கரைச் சாலை அருமையான இடம். கடலிலிருந்து சூரியன் எழும்போது, சாலைப் பக்கமிருந்து பார்த்தால் காந்தி சிலை கருப்பு உருவமாக நிற்கும். கண் கூசும் வெளிச்சமும் இருட்டும் ஒரே ஃப்ரேமில் கிடைத்துவிடும்.

ரா என்பது சென்சார் அளந்த எண்கள், பெரிய திருத்தம் எதுவும் இல்லாமல். 14 பிட் கேமராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 படிநிலைகள் உண்டு. ஜேபெக்கில் கேமராவே நிறம், கூர்மை, நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) குறைப்பு எல்லாவற்றையும் முடித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலையாகச் சுருக்கி, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்தது திரும்ப வராது.

படி 1: மெனு
இமேஜ் குவாலிட்டியில் ரா + ஜேபெக் ஃபைன் வையுங்கள். ரா கோப்பு நிகானில் என்இஎஃப், கேனனில் சிஆர்2 அல்லது சிஆர்3, சோனியில் ஏஆர்டபிள்யூ என்று முடியும். லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு என்ற தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். தரம் குறையாது, இடம் மிச்சமாகும். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா சுமார் 28 எம்பி, ஜேபெக் சுமார் 10 எம்பி வரும். இரண்டும் சேர்ந்தால் 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 1,600 படங்கள்.

படி 2: சூரியனுக்கு எதிரே
ட்ரைபாட் அல்லது கைப்பிடிச் சுவர். அபெர்ச்சர் பிரயாரிட்டி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. மீட்டர் சொன்னபடி ஒன்று, எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் மைனஸ் 1 ஸ்டாப் (பாதி வெளிச்சம்) வைத்து ஒன்று, மைனஸ் 2 (கால்வாசி) வைத்து ஒன்று எடுங்கள்.

இங்கே பலரும் ஏமாறுவது ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில். பெரும்பாலான கேமராக்களில் ராவில் எடுத்தாலும் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கிலிருந்து போடப்பட்டதுதான். மிக வெளிச்சமான பகுதி (ஹைலைட்) மின்னி எச்சரித்தாலும் ராவில் கொஞ்சம் தகவல் மிச்சம் இருக்கலாம். அதை நம்பி அளவு மீறாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களில், சூரியனைச் சுற்றியுள்ள ஆரஞ்சில் சிவப்பு முதலில் நிரம்பும். ஆரஞ்சு மஞ்சள் திட்டாக மாறும். மூன்று சேனலும் நிரம்பி வெளுத்த இடத்தை ராவாலும் மீட்க முடியாது. அதனால்தான் அந்த மைனஸ் 2.

படி 3: மஞ்சள் சுவர்
அப்படியே ஒயிட் டவுன் வீதிக்குள் நடந்து, நிழலில் உள்ள ஒரு மஞ்சள் சுவரை ஃப்ரேம் நிறைய எடுங்கள். ஓரத்தில் காகிதப்பூ கொஞ்சம் வரட்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பெரும்பாலும் சுவரின் மஞ்சளை வெளிச்சத்தின் மஞ்சள் என்று எண்ணி நீலத்தைக் கூட்டும். சுவர் சோகை பிடித்தாற்போல் வெளிறும். கணினியில் ராவைத் திறந்து கெல்வினை (ஒயிட் பேலன்ஸ் எண்ணை) 7,000 பக்கம் நகர்த்தினால் சுவர் பழைய மஞ்சளுக்கு வரும். ஜேபெக்கில் அதே திருத்தத்தைச் செய்தால் சுவர் ஓரளவு தேறும், பூவின் நிறம் கலங்கிவிடும்.

படி 4: கணினியில்
ராவைத் திருத்தும் மென்பொருள்களில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். ரா முதலில் மங்கலாகத் தெரியும். அது குறையல்ல, இன்னும் யாரும் அதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். சாதாரண போட்டோ வியூவரில் திறந்து "இரண்டும் ஒன்றுதானே" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ரா கோப்புக்குள் ஒட்டியிருக்கும் சின்ன ஜேபெக்கைத்தான் காட்டும்.

மைனஸ் 2 படத்தின் ரா, ஜேபெக் இரண்டிலும் வெளிச்சத்தைப் பிளஸ் 2 ஏற்றி, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்களைப் பாருங்கள். ராவில் பொடி நாய்ஸ் இருக்கும், ஆனால் கல்லின் சொரசொரப்பும் இருக்கும். ஜேபெக்கில் நிழல் திட்டுத் திட்டாகவும் கட்டம் கட்டமாகவும் உடையும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதும் படிநிலை போதாததால்தான்.

புதுக் கேமராவின் ரா திறக்கவில்லையா? மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றுங்கள்.

எதற்கு எது?
சூரிய உதயம், பிச்சாவரத்தில் அலையாத்தி மர நிழலுக்குள் விழும் வெயில், கோயில் மண்டபத்து விளக்கொளி: இவற்றுக்கு ரா. கடலூர் தேவனாம்பட்டினத்து மாசி மகத் தீர்த்தவாரியில் தொடர்ச்சியாகப் படம் எடுக்கும்போது ஜேபெக். ராவில் கேமராவின் பஃபர் (தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பி, சாமி தண்ணீரில் இறங்கும் நொடியில் ஷட்டர் நின்றுபோகும். அன்றே கொடுக்க வேண்டிய படத்துக்கும் ஜேபெக்தான். சந்தேகம் இருந்தால் இரண்டும்.

படி 5: வெளியே கொடுக்கும்போது
ராவிலிருந்து எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு), குவாலிட்டி 90-க்கு மேல் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். 8×12 அங்குல பிரிண்டுக்கு 2400×3600 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும். ஜேபெக்கைக் காப்பி எடுப்பதால் தரம் போகாது, திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் போகும். ரா இரண்டு இடங்களில் பத்திரமாகப் பதிந்ததைத் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.