ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்தவர்கள் நகரைக் காணும் வழி

ஒஸ்லோவுக்கு வந்து சேரும் நம்மவர்களில் பலர், இங்கே எல்லாமே விலை கூடியவை என்று கேள்விப்பட்டு, முதல் ஆண்டை வீட்டுக்கும் வேலைக்கும் மொழி வகுப்புக்கும் இடையிலேயே கழித்துவிடுகிறார்கள். உணவகச் சாப்பாடு விலை கூடியது என்பது உண்மைதான். ஆனால் இந்நகரத்தின் கடலுக்கும் காட்டுக்கும் நூலகத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

முதல் வாரத்திலேயே, நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டரின் செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கி, 30 நாள் பயணச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் ட்ராமுக்கும் நிலக்கீழ் தொடருந்துக்கும் செல்லுபடியாகும் அதே சீட்டில், ஒஸ்லோ ஃபியோர்ட் என்ற கடல் நீட்சியிலுள்ள தீவுகளுக்குப் படகிலும் போகலாம். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லையென்று சீட்டில்லாமல் ஏறிவிடாதீர்கள். பரிசோதகர்கள் முன்னறிவிப்பின்றி வருவார்கள், தண்டப்பணமும் கடுமையானது.

கோடையில் முதலில் ஹோவெடோயா தீவுக்குச் செல்லுங்கள். நகர மண்டபத்துக்கு அருகிலுள்ள துறையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணம்தான். 1147 இல் இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் நிறுவி, 1532 இல் தீக்கிரையான மடத்தின் இடிந்த சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன; அருகிலேயே குளிக்கக் கடற்கரையும் உண்டு. ஜூன் இறுதியில் சூரியன் இரவு 10.40 அளவில்தான் மறைவதால், வேலை முடிந்த பிறகும் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு குடும்பமாகப் போய்வரலாம். கடைசிப் படகின் நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வையுங்கள்.

டிசம்பரில் பிற்பகல் 3.15 அளவிலேயே இருட்டிவிடும். மனம் சோர்வடைவது அப்போதுதான் என்பதால், விடுமுறை நாள்களில் பகல் வெளிச்சத்தை வீட்டுக்குள் இருந்து வீணாக்க வேண்டாம். 5 ஆம் இலக்க நிலக்கீழ் தொடருந்தின் முடிவிடத்திலுள்ள சொங்ன்ஸ்வான் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 3.3 கிலோமீற்றர் நடைபாதை உண்டு; குழந்தை வண்டியையும் தள்ளிச் செல்லலாம். பனி நன்றாக விழுந்தபின், 1 ஆம் இலக்கத் தொடருந்தில் ஃப்ரொங்னர்செத்தெரன் வரை ஏறி, அங்கிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் பனிச்சறுக்கு வண்டியில் இறங்கி, மீண்டும் தொடருந்திலேயே மேலே போகலாம். பிள்ளைகளுக்கான பனிச்சறுக்குப் பொருள்களைப் புவா நிலையங்கள் இலவசமாக இரவல் தருகின்றன. எனவே முதல் குளிர்காலத்திலேயே எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. உடலோடு ஒட்டி அணியும் உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருப்பதால் குளிர் ஏறிவிடும்.

காடுகளில் யாரும் நடக்கலாம், கூடாரமும் அடிக்கலாம்; 1957 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. ஆனால் ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீமூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு.

மழை நாள்களுக்கு, 2020 இல் திறக்கப்பட்ட டைக்மன் நூலகம் இருக்கிறது. எதிரேயுள்ள ஒபெரா மாளிகையின் பளிங்குக் கூரையில் நடந்து ஏறலாம். உறைபனியில் அது வழுக்கும். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் விகெலன் சிற்பப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே கல்லில் 121 மனித உருவங்கள் செதுக்கிய தூணின் முன், கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய நம் பெரியவர்கள் நெடுநேரம் நிற்பார்கள்.

நோர்வேயின் தேசிய நாளான மே 17 அன்று அரண்மனையை நோக்கிச் செல்லும் சிறுவர் ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். அதில் பிள்ளைகள் தத்தம் பாடசாலையோடுதான் நடப்பார்கள். ஆகையால் கூடும் இடத்தையும் நேரத்தையும் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.